மெட்டில்டாவின் கொல்லைப்புறத் தட்டுகள்

குன்னூரில் மார்க்கெட்டுக்கு மேலே ஏறுகிற படிக்கட்டுச் சந்தில் நின்று, மனுவேல் ஸ்டுடியோ எங்கே என்று யாரிடமாவது கேட்டால், "மூக்கு காட்டற பக்கம் போங்க, எங்க மூச்சு முட்டுதோ அதுதானுங்க ஸ்டுடியோ" என்பார்கள். கிண்டல்தான், ஆனால் அதில் பொய் ஒன்றும் கிடையாது. வாரத்தில் பாதி நாள் அந்தக் கொல்லைப்புறத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பிச் சந்து முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அந்த நாற்றத்துக்குச் சொந்தக்காரர் மனுவேல் இல்லை, பாவம். அவர் மனைவி மெட்டில்டா.

மனுவேல் படம் எடுப்பார், இருட்டறையில் கழுவுவார், காயப்போடுவார். கறுப்பு வெள்ளைப் படம். அதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் சுவரே வியர்க்கிற இந்த மலையில் அந்தக் கறுப்பு எத்தனை மழையைத் தாங்கும்? சில வருஷம் சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மீசை காணாமல் போய்விடும். மீசை மட்டும் நின்று மாப்பிள்ளை காணாமல் போனதும் உண்டு. அதற்குத்தான் பிரவுன் போடுவது. படத்தை முதலில் ஒரு மஞ்சள் தண்ணீரில் போட வேண்டும். முகம், சட்டை, உட்கார்ந்த நாற்காலி எல்லாம் மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் வெறும் காகிதம்தான் மிஞ்சும். அதை நன்றாக அலசி, அடுத்த தட்டில் சல்ஃபைடு தண்ணீரில் போட்டால், போனதெல்லாம் காப்பி நிறத்தில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தது லேசில் போகாது. நாற்றம் அந்த இரண்டாவது தட்டுடையது.

கல்யாணமான புதிதில் மனுவேல் இதையும் இருட்டறைக்குள்ளேயே செய்து பார்த்தார். சல்ஃபைடு ஆவி பட்டு, பெட்டி பெட்டியாக வைத்திருந்த போட்டோ பேப்பர் முழுக்கப் புகை படிந்தாற்போல் கறுத்துக் கெட்டது. தலையில் அடித்துக்கொண்டு, "இந்தப் பீடையை முதல்ல ஊட்டுக்கு வெளிய கொண்டு போ" என்று மனைவியிடம் கத்தினார். மெட்டில்டா தட்டுகளைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். பிறகு அவர் கேட்டும் திருப்பித் தரவில்லை. அவள் பர்லியாரில் பிறந்தவள். பலாவும் பாக்கும் காய்க்கிற இளஞ்சூட்டில் வளர்ந்துவிட்டு, குன்னூர்க் குளிரில் வாழ்க்கைப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். பிரவுன் போடுகிற வேலைக்கு இருட்டு வேண்டாம். கொல்லையில் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம். "அவர் இருட்டுல கிடக்கட்டும், எனக்கு வெயில் போதும்" என்பாள். அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் பரம திருப்தி.

நாலைந்து வருஷத்தில் அவள் மூக்குக்கு அது நாற்றமாகவே தெரியாமல் போயிற்று. சோப்புப் போட்டுக் குளித்தாலும் விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கோவிலில் பூசைக்குப் போனால் அவள் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். மற்ற பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கையை வீசி ஜெபமாலை சொல்வாள். இதில் என்ன குறை என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

தொழிலில் அவளுக்கு இரண்டு கண்டிப்புகள் இருந்தன. ஒன்று, முதல் தட்டை வாடிக்கைக்காரர் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு புது மாப்பிள்ளை, தன் பெண்டாட்டி மஞ்சள் தண்ணீரில் கரைந்து போவதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என் சம்சாரம்!" என்று ஓலமிட்டு, தடுமாறி விறகுக் குவியலில் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டான். அன்றிலிருந்து கொல்லைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுத்தான் வேலை. இரண்டாவது, நெகட்டிவ் இல்லாத ஒற்றைப் படம் என்றால், மனுவேல் அதைக் காமிராவில் பிரதி எடுத்து வைக்காமல் தட்டில் போடவே மாட்டாள். இந்த இரண்டு கண்டிப்பையும் அவள் ஒரே நாளில் மீறினாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனுவேல் காமிராவைத் தூக்கிக்கொண்டு பிக்கட்டிக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டு பியாட்ரிஸின் மகள் ஐவியைப் பெண் பார்க்க அன்று காலையில் ஆட்கள் வருவதாக இருந்தது. முந்தின நாளே பியாட்ரிஸ் மதில் மேல் தலையை நீட்டி, "மெட்டில்டா, உன் கால்ல வேணாலும் உழுகறேன். நாளைக்கு ஒரு நாள் அந்த நாத்தத்தைக் கிளப்பிடாதே. என் புள்ளை வாழ்க்கை" என்று கெஞ்சினாள். மீன் குழம்பும் முறுக்கும் அந்த மதில் வழியாகவே கை மாறுகிற சிநேகிதம் அது. மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏனுங்கக்கா, ஞாயித்துக்கிழமை நான் எதுக்குத் தட்டைத் தொடறேன்?" என்று வாக்குக் கொடுத்தாள்.

பூசை முடிந்து வந்து, உலை வைக்கப் போகிற நேரத்தில் வாசலில் யாரோ கனைத்தார்கள். வயதான புருஷனும் பெண்டாட்டியும். அவர் பெயர் இசக்கிமுத்து, அவள் பேச்சி. சிலோன் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்துக் கிழமானவர்கள். குடியுரிமை இல்லை என்று ஆகிப்போய், கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, கோத்தகிரிக்கு அப்பால் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

"நோனா, பிரவுன் போடுற எடம் இதுதானா?" என்றார் இசக்கிமுத்து. வீட்டுக்கார அம்மாளைச் சிலோனில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. மெட்டில்டாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

பேச்சி மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தாள். துணிக்குள் பிளாஸ்டிக் தாள், தாளுக்குள் ஒரு படம். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண், ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு நின்றாள்.

"எங்க புள்ள பாலாமணி. அட்டன் டவுன்ல எடுத்தது" என்றாள் பேச்சி. "அவ புருசனுக்கு அந்தப் பக்கம் பிரஜாவுரிமை கெடச்சிருச்சு. எங்களுக்கு இந்தப் பக்கம். அவ அங்க, நாங்க இங்க. இனிமே கண்டுக்கிறது எங்க? இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போகுது பாருங்க நோனா."

உண்மைதான். படத்தின் ஓரமெல்லாம் ஈயம் பூசினாற்போல் மின்னியது. ஒரு கன்னம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புதுத் தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுத்த காம்பராவில், அதாவது அந்த ஒற்றை அறையில், தரையெல்லாம் ஈரமாம். இன்னும் ஒரு மழைக்காலம் போனால் இந்த முகம் மிஞ்சாது என்பது மெட்டில்டாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"வெச்சுட்டுப் போங்கம்மா. ஊட்டுக்காரர் வந்ததும் ஒரு காப்பி எடுத்துட்டுப் பிரவுன் போட்டு வெக்கறேன். அடுத்த லீவுக்கு வந்து வாங்கிக்கலாம்."

பேச்சி படத்தை வெடுக்கென்று மார்போடு சேர்த்துக்கொண்டாள். இசக்கிமுத்து சங்கடத்தோடு சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க நோனா. கப்பலேறையில பொட்டிய வெச்சிட்டுப் போ, பின்னால வரும்னாங்க. வெச்சிட்டு வந்தோம். வரல. அதுலேருந்து எதையும் வெச்சிட்டுப் போக இவளுக்கு மனசு வராது. நாங்க இருக்கயிலயே போட்டுக் குடுத்துருங்க. அந்தி பஸ்ஸுக்குப் போயிருவோம்."

மெட்டில்டா யோசித்தாள். மதிலுக்கு அப்பால் பாத்திரச் சத்தமும், மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சுக் குரலும் கேட்டன. கொடுத்த வாக்கு இருக்கிறது. பிரதி எடுக்கக் காமிரா இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு முகமும் தவறிப்போனதில்லை என்கிற கர்வம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, பேச்சி படத்தைப் பிடித்திருந்த பிடி அவளை என்னவோ செய்தது. அலசி முடித்து இரண்டாவது தட்டுக்குப் போவதற்குள் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"வாங்க" என்று கொல்லைக்கு அழைத்துப்போனாள். "ஆனா ஒண்ணு. முதல்ல முகம் போயிடும். பயந்துக்கக் கூடாது. திரும்ப வந்துரும்."

இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஒன்றும் புரியாதவர்கள்தான் அப்படிப் பலமாக ஆட்டுவார்கள்.

படத்தை நெடுநேரம் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டு, மஞ்சள் தட்டில் விட்டாள். தட்டின் ஒரு முனையை ஏற்றி இறக்கி ஆட்டினாள். கன்னம் முதலில் போயிற்று. புடவைக் கரை போயிற்று. பின்னல், புருவம், கடைசியில் கண். பேச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சொன்ன சொல்லுக்காக அழாமல் நின்றாள். மெட்டில்டா வெறும் காகிதமாகிவிட்டதை எடுத்துப் பலமுறை அலசினாள். விறகுக் குவியலின் பக்கத்தில் இருந்த பழுப்புப் புட்டியிலிருந்து சல்ஃபைடை ஊற்றித் தண்ணீர் கலந்து, இரண்டாவது தட்டில் காகிதத்தை மிதக்கவிட்டாள்.

"இப்ப பாருங்க" என்றாள் பெருமையாக.

பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

குளிர் என்பதால் தாமதம் என்று நினைத்தாள். தட்டை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் புட்டியிலிருந்து ஊற்றினாள். வெந்நீர் சேர்த்தாள். காகிதம் வெளேரென்று அப்படியே கிடந்தது. வழக்கமாகப் பத்து எண்ணி முடிப்பதற்குள் குபுக்கென்று வருகிற பழுப்பு எங்கே போயிற்று? இது சிலோன் பேப்பர். நம் தண்ணீருக்குப் பிடிக்கவில்லையோ? பிரதி எடுக்காமல் தொட்டேனே, பாவி! சேசு மரி சூசையே!

"நோனா," என்றார் இசக்கிமுத்து மெதுவாக, "வருவாளா?"

மெட்டில்டாவால் பொய் சொல்ல முடியவில்லை. தட்டை ஆட்டுவதை நிறுத்தினாள். அதிலேயே பேச்சி புரிந்துகொண்டாள். வாயிலிருந்த முந்தானை விழுந்தது. "எம் புள்ள போயிட்டாளே!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் மதிலுக்கு அப்பால் பேச்சு நின்றுபோயிற்று. செத்த வீட்டில் அழுவதுபோல் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். இசக்கிமுத்து அவளைப் பிடிக்கவும் இல்லை, மெட்டில்டாவைத் திட்டவும் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, "அங்கயும் விட்டுட்டு வந்தோம், இங்கயும் விட்டுட்டோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது.

அவள் புனித அந்தோணியாரைக் கூப்பிட்டாள். தொலைந்துபோனதைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. கூப்பிட்ட கையோடு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை வெளுத்துப்போட்ட ஒரு படத்தை மனுவேல் கவனிக்காமல் எடுத்துத் இருட்டறையில் படத்தை வரவழைக்கிற தன் டெவலப்பர் தட்டில் போட்டுவிட்டார். அது கறுப்பாகவே திரும்பி வந்து நின்றது. "உன் மந்திரம் என் தண்ணிக்கும் தெரியுது பாரு" என்று அவர் சிரித்தார். ஆனால் அது ஸ்டுடியோ பேப்பர், மனுவேல் கழுவிய படம். இது கேட்குமா? கேட்காவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இருட்டறைக்கு ஓடினாள். அது மனுவேலின் ராஜ்யம், எந்தப் புட்டி எங்கே என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. டெவலப்பரைத் தேடி எடுத்து வந்து புதுத் தட்டில் ஊற்றினாள். காகிதத்தை வெயிலில் காட்டிவிட்டு உள்ளே விட்டாள். மனசுக்குள் 'வாம்மா, வாம்மா' என்று சொல்லிக்கொண்டே ஆட்டினாள்.

முதலில் ஒரு சாம்பல் கறை. பிறகு பின்னல். பிறகு கண் இரண்டும்.

"அந்தா!" என்று கத்தினார் இசக்கிமுத்து. "ஏய் பேச்சி, அங்க பாரு, எந்திரிச்சுப் பாரு!"

பேச்சி விழுந்தடித்து வந்து பார்ப்பதற்குள் புருவம், மூக்கு, யோசிக்கிற உதடு எல்லாம் வந்துவிட்டன. பாலாமணி பழையபடி கறுப்பு வெள்ளையில் நின்றாள். பேச்சி இப்போது வேறு விதமாக அழுதாள். மெட்டில்டாவும் அழுதாள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எதற்கென்று சொல்லத் தெரியாமல் சிரிக்கவும் சிரித்தார்கள்.

"போதும் நோனா" என்றார் இசக்கிமுத்து முகத்தைத் துடைத்தபடி. "பிரவுனும் வேணாம் ஒண்ணும் வேணாம். இருக்கிற மட்டும் இருக்கட்டும்."

"அதுதான் சரிங்க. நானும் இனி இதைத் தொட மாட்டேன்" என்றாள் மெட்டில்டா.

அந்த நேரம் பார்த்துப் பட்டுப்புடவை சரசரக்க பியாட்ரிஸ் கொல்லைக்குள் ஓடி வந்தாள். வந்தவர்களை அப்போதுதான் வழியனுப்பியிருந்தாள். "என்ன அழுகை? யாருக்கு என்ன?" என்று கேட்டு, நடந்ததைக் கேட்கக் கேட்க அவள் முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மெட்டில்டா, நாந்தான்" என்றாள். "நீ பூசைக்குப் போயிருக்கையில வந்து, அந்தப் புட்டியில இருந்ததைச் சாக்கடையில ஊத்திட்டேன். உன் வாயை நம்பலாம், யாராச்சும் வந்து கேட்டா உன் மனசு கேக்காதேன்னு பயம். காலிப் புட்டியைப் பார்த்தா திட்டுவியேன்னு தண்ணி புடிச்சு வெச்சேன்."

மெட்டில்டா புட்டியை எடுத்துப் பார்த்தாள். அத்தனை நேரம் அவள் அந்தப் பெண்ணை வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்! சல்ஃபைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுபோலத் தெரிகிற தன் மூக்கை அன்றைக்குத்தான் முதன்முதலாக நொந்துகொண்டாள். வேறு எந்த மூக்காக இருந்தாலும் புட்டியைத் திறந்த உடனே சொல்லியிருக்கும்.

"சாக்கடையில ஊத்தினா நாத்தம் இன்னும் அதிகமில்லீங்களாக்கா?"

"அதை ஏன் கேக்கறே! சந்தே குடலைப் புடுங்குச்சு. ஊதுபத்திக் கட்டே தீர்ந்துபோச்சு. மாதா கிருபை, வந்தவங்க அத்தனை பேருக்கும் மலைக்குளிர்ல மூக்கடைப்பு. ஐவியைப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க." சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக முட்ட, பியாட்ரிஸ் பேச்சியின் கையைப் பிடித்தாள். "அம்மா, என் புள்ளைக்காக உங்க புள்ளையை அழிக்கப் பாத்துட்டனே. மன்னிச்சுக்குங்க."

பேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "புள்ளைக்காகத்தானே செஞ்சீங்க. இருக்கட்டும்" என்றாள். பிறகு மெட்டில்டாவிடம், "அப்ப நோனா, அந்தத் தண்ணி நல்ல தண்ணியா இருந்தா, இவ பிரவுனா வந்திருப்பாளா?"

"வந்திருப்பா. பேப்பர்ல தப்பில்லை, நல்ல பேப்பர். சல்ஃபைடுக் கட்டி பரண்ல ஒரு டப்பா இருக்கு, புதுசாக் கரைக்கலாம். ஆனா மறுபடியும் முதல் தட்டுல போடணும். மறுபடியும் முகம் போகும்." மெட்டில்டா தலையை ஆட்டினாள். "வேண்டாம்மா. என் கை பயப்படுது. ஊட்டுக்காரர் காப்பி எடுத்த பின்னால வேணா பார்க்கலாம்."

"ஆமா, வா போவோம். பஸ்ஸு போயிரும்" என்றார் இசக்கிமுத்து.

பேச்சி நகரவில்லை. கழுவி வைத்திருந்த படத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அட்டன் ஸ்டேசன்லேருந்து நாங்கதான் ரயிலேறிப் போனோம். இவ அங்கனயே நின்னா. ரயிலு நகர்ந்து, இவ சின்னதாகிச் சின்னதாகி இல்லாமப் போனதத்தான் நான் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லல. அதுலேருந்து கண்ண மூடினா இவ போறதுதான் தெரியும். வர்றது தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வந்தா. கண்ணீரு மறைச்சு நான் சரியாப் பாக்கல. இன்னொருக்கா அனுப்புங்க நோனா. இவ வர்றத நான் மொதல்லேருந்து பாக்கணும்."

"திரும்ப வராமப் போயிட்டா என்னடி பண்ணுவே?" என்று குரல் உடைந்து கேட்டார் இசக்கிமுத்து.

"வருவா. வழி தெரிஞ்சுகிட்டாள்ல."

மெட்டில்டா உள்ளே போனாள். பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். கட்டியை வெந்நீரில் கரைத்தாள். பியாட்ரிஸ் பட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் போகாமல் அங்கேயே நின்றாள். மெட்டில்டா புட்டியை அவளிடம் நீட்டி, "நாறுதாக்கா?" என்று கேட்டாள். "ஐயோ, நாறுது, நல்லா நாறுது" என்றாள் பியாட்ரிஸ். மெட்டில்டாவுக்கு உயிர் வந்தது.

படத்தை மஞ்சள் தண்ணீரில் விட்டாள். இசக்கிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சி திரும்பவில்லை. கன்னம் வெளுத்தது, பின்னல் கரைந்தது. கண் மறையப் போகிற நேரத்தில் அவள் தட்டின் மேல் குனிந்தாள்.

"போயிட்டு வா புள்ள" என்றாள்.

மெட்டில்டா வெற்றுக் காகிதத்தை எடுத்து நிதானமாக அலசினாள். புதுத் தண்ணீர் இருந்த தட்டில் அதை மெல்ல இறக்கினாள். பேச்சி ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லாமல், கண்ணை அகல விரித்து, இமைக்காமல் காத்திருந்தாள். நெற்றி முழுக்க வெயில்பட்ட நிறத்தில், அப்போதுதான் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவளைப்போல, பாலாமணி வந்தாள்.